ஒருதரம் ஓவர்சியர்

சுரங்கத்தில் அவருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் 'ஒருதரம் ஓவர்சியர்'. எதையும் ஒரு தரம்தான் சொல்லுவார். காதில் விழவில்லை என்றாலும், விழுந்து மறந்துபோனாலும், விழுந்தும் வேண்டாமென்று விட்டுவிட்டாலும் அவருக்கு எல்லாம் ஒன்றுதான். இரண்டாம் தரம் அந்த வாய் திறக்காது.

அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முருகப்பெருமான்தான் மறைக்காமல் எழுத வைக்க வேண்டும்.

யுத்த காலம் அது. தருமபுரிப் பக்கத்து இண்டூருக்கு மேற்கே, கரட்டுக் குன்றுகளுக்கு நடுவில், கம்பெனிக்காரர்கள் குருந்தக்கல் தோண்டிக்கொண்டிருந்தார்கள். சாணை பிடிக்கிற கல் அது. யுத்தத்தில் துப்பாக்கியும் பீரங்கியும் செய்கிற இடங்களுக்கு அந்தக் கல் மூட்டை மூட்டையாகப் போயிற்று. நான் அங்கே ஸ்டோர் ரைட்டர். எட்டாவது வரை படித்தவன். ஆணி, கயிறு, மண்வெட்டி, கார்பைடு விளக்கு எல்லாம் என் பொறுப்பு. அவர் என்னை "ரைட்டரே" என்றுதான் கூப்பிடுவார். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனால் அவரைப் பார்த்தால் என்னைவிடப் பத்து வயது மூத்தவர்போல் இருக்கும். பெண்சாதி இறந்து, பிள்ளைகள் இல்லாமல், சுரங்கத்து ஓட்டுக் கொட்டகை ஒன்றில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார்.

இண்டூர் காபி கிளப்பில் ஒரு நாள் அவரோடு உட்கார்ந்திருந்தேன். காபியை வாயில் வைத்ததும் அவர் முகம் சுருங்கியது. பிறகு மருந்து குடிப்பதுபோல ஒரே மூச்சில் குடித்தார்.

"ஏனுங்க, நல்லா இல்லீங்களா?" என்றேன்.

"சர்க்கரை."

"வேணாம்னு சொல்லக் கூடாதுங்களா?"

"சொன்னேன்."

"எப்போங்க?"

"இந்த ஊருக்கு வந்த அன்னிக்கு."

அவர் வந்து அப்போது ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது! நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கல்லாவில் இருந்தவர் என்னவென்று கேட்டார். சொன்னேன். அவரும் சிரித்து, "அடப் பாவமே, இத்தன நாளா வாயக் கட்டிக்கிட்டுக் குடிச்சீங்களா?" என்றார். ஓவர்சியரும் சிரித்தார். முன்பற்கள் இரண்டுக்கு நடுவே இடைவெளி. சிரித்தால் சின்னப் பிள்ளை மாதிரி இருக்கும்.

ஆனால் எல்லாமே காபிச் சர்க்கரை அல்லவே. குழியிலிருந்து கல் தூக்குகிற ராட்டினக் கயிறு நைந்திருந்தது. ராட்டினக்காரரிடம், "கயிறு நைஞ்சிருக்கு, மாத்திடுங்க" என்று ஒரு தரம் சொன்னார். ராட்டினக்காரர் தலையாட்டினார். நாலாம் நாள் கயிறு அறுந்து கல்கூடை விழுந்தது. கீழே நின்றவர் பாதம் நசுங்கிப்போயிற்று. ஓவர்சியர்தான் முதலில் குழியில் இறங்கினார். தன் மேல்துண்டைக் கிழித்துக் கட்டி, அந்த ஆளைத் தோளில் போட்டு ஏறி வந்து, தருமபுரி ஆஸ்பத்திரி வரைக்கும் மாட்டு வண்டியில் அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது ராட்டினக்காரர் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"இன்னொரு வாட்டி ஒரு அதட்டு அதட்டியிருந்தீங்கன்னா மாத்தியிருப்பனே சாமி!"

அவர் காலை மெதுவாக விடுவித்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் அன்பும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது.

பிறகு ஒரு நாள் கேட்டேன். "ஏனுங்க, எதுக்கு இப்படி ஒரு பிடிவாதம்?"

"எங்கப்பன் எதையும் பத்துத் தரம் சொல்லுவாரு. ஊர்ல ஒருத்தரும் கேக்கல. ஒரு தரம் சொன்னாலும் கேக்கப்போறதில்ல. பாக்கி ஒம்போது தரத்துக்கு எனக்கு மூச்சு மிச்சம் பாருங்க."

அது விளையாட்டுப் பேச்சு என்றுதான் நினைத்தேன்.

அவருடைய வேலை சேற்றுக்குட்டை. தோண்டிய கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். கழுவின செந்தண்ணீர் ஓடையில் போனால் கீழே இருக்கிற காடு கழனியெல்லாம் பாழ். அதனால் ஓடைக்குக் குறுக்கே உயரமாக ஒரு மண்கரை போட்டு, அந்தச் சேற்றுத் தண்ணீரைத் தேக்கினார்கள். சேறு அடியில் படியும், தண்ணீர் மேலே தெளியும். தெளிந்த தண்ணீரை வெளியே எடுத்தால்தான் அடுத்த நாள் சேற்றுக்கு இடம் கிடைக்கும். அதை எப்படி எடுப்பது என்று படம் போட்டுக் கட்டியவர் அவர்தான். குட்டைக்கு நடுவில் தேக்குக் கட்டையால் நாலு கால் நிறுத்தி, அதில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகுகிறாற்போல் ஒரு தூண் செய்தார். சேறு ஏற ஏறப் பலகை ஏறும். மேல்பலகையைத் தாண்டி வழிகிற தெளிந்த தண்ணீர் தூணுக்குள் விழுந்து, கரைக்கு அடியில் போட்ட இரும்புக் குழாய் வழியாகப் போய்விடும்.

அது மேல் தண்ணீருக்கு. சேற்றுக்குள்ளேயே ஊறிக் கிடக்கிற தண்ணீர் ஒன்று உண்டு. அதுதான் பொல்லாதது என்பார். அதற்காகக் கரையின் அடிவயிற்றில் பெருங்கல், அதற்குமேல் ஜல்லி, அதற்குமேல் ஆற்றுமணல் என்று அடுக்கி, ஒரு கல்வடிகால் வைத்தார். அதன் வாய் கரைக்கு அந்தப் புறம், கீழ் ஓரத்தில். அதிலிருந்து விரல் தடிமனுக்குத் தண்ணீர் ராப்பகலாகக் கசிந்துகொண்டே இருக்கும்.

அதைக் கட்டுவதற்கு முன்னால் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தின் பக்கத்தை வெட்டி, கண்ணாடி பதித்துச் சோதனை பார்த்தார். ஸ்டோரில் கண்ணாடி இல்லை. எங்கள் வீட்டில் சட்டம் உடைந்துபோன முருகன் படத்தின் கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்புறம்தான் பதித்தார். உள்ளே சின்னதாக ஒரு மண்கரை, அதன் அடியில் ஜல்லி, மணல், பின்னால் சேற்றுத் தண்ணீர். தகரத்தின் ஓட்டையில் தெளிந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. எனக்கு அதிசயமாக இருந்தது.

"இப்போ பாருங்க ரைட்டரே," என்று அந்த ஓட்டையைக் கட்டைவிரலால் மூடினார். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கண்ணாடிக்குப் பின்னால் மண்கரை கீழிருந்து மேலாகக் கறுத்து ஈரமாகிக்கொண்டே வந்தது. பாதிக்குமேல் ஈரம் ஏறினதும் கரை அப்படியே சரிந்து உட்கார்ந்தது. நனைந்த சாணி சரிவதுபோல, சத்தமே இல்லாமல்.

இதை அவர் எனக்குக் காட்டினார். எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

குட்டை கட்டி மறு வருஷம் கோடையில் நல்ல வறட்சி. கரைக்குக் கீழே ஓடை ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு குடிசைகள். சுரங்கத்தில் கல் பொறுக்குகிற பெண்கள் அங்கேதான் இருந்தார்கள். கிணறெல்லாம் காய்ந்துவிட்டது. கரையோரத்தில் மட்டும் விரல் தடிமனுக்குத் தெளிந்த தண்ணீர், நிற்காமல். முதலில் மாடு குடித்தது. பிறகு மாதம்மாள் என்கிற கிழவி குடத்தில் பிடித்தாள். அவள் பேரனுக்கு வந்திருந்த கண்வலி அந்தத் தண்ணீரில் கழுவினதும் சரியாயிற்றாம். மறு வெள்ளிக்கிழமை அங்கே ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசிவிட்டாள். ஆடி வருவதற்குள் அது தீர்த்தம் ஆகிவிட்டது.

எங்களுக்கு அதற்குமுன் இரண்டு பிள்ளைகள் பிறந்து, ஆறு மாதம் தாண்டாமல் போய்ச் சேர்ந்தன. என் வீட்டுக்காரி வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தத் தீர்த்தத்துக்குப் போனாள். மூன்றாவது பெண் பிறந்தாள். ஆறு மாதம் தாண்டினாள். ஒரு வருஷம் தாண்டினாள். தீர்த்தம்மாள் என்று பெயர் வைத்தோம். பிள்ளை தங்கினால் தீர்த்தத்துக்குக் கல்லால் தொட்டி கட்டுவதாக என் வீட்டுக்காரி வேண்டிக்கொண்டிருந்தாள். அது கல்வடிகால் தண்ணீர் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எந்தத் தண்ணீர்தான் முருகன் தண்ணீர் இல்லை என்று மனசு சமாதானம் சொல்லிற்று. செத்துப்போன இரண்டு பிள்ளைகளைக் குழியில் வைத்தவனுக்கு அந்தச் சமாதானம் போதும்.

அவரிடம் சொன்னேன். சொல்லாமல் செய்ய மனசு வரவில்லை. சேற்றுக்குட்டைக் கரைமேல் நின்றுகொண்டிருந்தார்.

"வூட்ல ஒரு வேண்டுதலுங்க. கீழ அந்தத் தண்ணி விழற எடத்துல, இடுப்பு உசரத்துக்கு ஒரு தொட்டி. பொம்பளைங்க குனியாம குடத்துல புடிச்சுக்கலாம்."

திரும்பி என்னைப் பார்த்தார். "பாப்பா நல்லா இருக்குதா?"

"இருக்குதுங்க. நடக்குது."

"நல்லது." கரைக்கு அந்தப் புறம் கீழே கை காட்டினார். "ரைட்டரே, அந்த வாயக் கட்டிடாதீங்க. கரை சரிஞ்சிடும்."

"சரிங்க," என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. அன்று மாலை வீட்டில் சொன்னபோது அவள் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அவரு ஒரு வார்த்த சொன்னாருன்னு சாமிக்குக் குடுத்த வாக்க மாத்தறதுங்களா? புள்ளைக்கு நாளைக்கு ஒண்ணுன்னா, அவரா வந்து குடுப்பாரு?"

ஓவர்சியர் இன்னொரு தரம் வந்து தடுத்தால் விட்டுவிடலாம், அவருக்கே உறுதி இல்லாததால்தான் ஒரு தரத்தோடு விட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனுஷர் குணம் தெரிந்தும் அப்படி நினைத்தேன்.

குழாய் வாங்க அவர் சேலம் போயிருந்த பத்து நாளில் தொட்டியைக் கட்டிவிட்டோம். நாலு பக்கமும் கல், சுண்ணாம்புக் காரை. இடுப்பு உயரத்தில் பசு முகம் வைத்த ஒரு கல் தூம்பு. தண்ணீர் அதுவரை ஏறி நின்றால்தான் பசுவின் வாயில் வழியும்; கரைக்குள்ளும் அதே உயரம் ஏறி நிற்கும். கீழே ஒழுகினால் தொட்டி நிறையாதே என்று, வடிகால் வாயைச் சுற்றிக் களிமண் அடைத்தோம். நானே அடைத்தேன். குளித்து, ஈர வேட்டியோடு, முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே அடைத்தேன். பசுவின் வாயில் முதல் தண்ணீர் வழிந்தபோது பெண்கள் குலவை இட்டார்கள். என் மனைவி அழுதாள்.

அவர் திரும்பி வந்து தொட்டியைப் பார்த்தார். நான் ஸ்டோர் வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் நின்றார். ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினார். மாதம்மாள் ஓடிவந்து தொட்டிமேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள்.

"எம்மேல போடு சாமி! போட்டுட்டு அப்பறமா கல்லு மேல போடு!"

மற்ற பெண்களும் கூடிவிட்டார்கள். அவர் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். ஸ்டோரைத் தாண்டும்போது என் முகத்தைப் பார்த்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். திட்டியிருந்தால் அன்றைக்கே இடித்திருப்பேன். அவர் கடப்பாரையை ஸ்டோரில் அதன் இடத்தில் சாத்திவிட்டுப் போனார்.

சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. தினமும் போய்த் தூணிலிருந்து ஒரு பலகையைக் கழற்றுவார். மேல் தண்ணீராவது சீக்கிரம் வடியட்டும் என்று. பலகை இறங்கினால் தெளியாத தண்ணீரும் சேர்ந்து போகும். ஓடை சிவந்து, கீழ்க்காட்டுக்காரர்கள் மேனேஜர் துரையிடம் சண்டைக்கு வந்தார்கள். துரை பலகையை ஏற்றச் சொன்னார். கரை ஊறுகிறது என்று அவர் துரைக்கு ஒரு கடிதம் எழுதினார். அதுவும் ஒரே ஒரு தரம். யுத்தத்துக்குக் கல் போய்க்கொண்டிருந்தது. பதில் வரவில்லை.

ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. காலையில் பளிச்சென்று வெயில் அடித்தது. மழை விட்ட வெள்ளிக்கிழமை என்று குடிசைப் பெண்களெல்லாம் குடத்தோடு தீர்த்தத்துக்கு வந்துவிட்டார்கள். என் மனைவி வீட்டுக்கு விலக்கு. அதனால் போகவில்லை. நான் ஸ்டோர் வாசலில் ஈரச் சாக்குகளை உதறிக்கொண்டிருந்தேன்.

அவர் கரைமேல் வந்தார். கீழே பார்த்தார். கரையின் வெளிச்சரிவில், பாதிக்குமேல், ஈரம் கறுப்பாக ஏறி நின்றது. எனக்கும் தெரிந்தது. முருகன் படத்துக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த அதே கறுப்பு.

அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு ஓடினார். ஓடையின் எதிர்மேட்டில், தொட்டிக்கு நேராக நின்று கத்தினார்.

"எல்லாரும் மேல ஏறுங்க!"

மாதம்மாள் நிமிர்ந்து சிரித்தாள். கடப்பாரைக்காரர் மறுபடி வந்துவிட்டார் என்று நினைத்திருப்பாள். "தீர்த்தம் புடிச்சுக்கிட்டு வந்துடறோம் சாமி!" என்றாள்.

அவர் வாய் இரண்டாம் தரம் திறந்தது. நான் பார்த்தேன். சத்தம் வருவதற்குள் கரை உட்கார்ந்துவிட்டது.

பெரிய சத்தம் எதுவும் இல்லை. நனைந்த சாணி சரிவதுபோலத்தான். சிவப்புச் சேறு குடிசைகள்மேல் போர்வை இழுப்பதுபோல ஏறிப் போயிற்று. ஆறு பெண்கள். குடிசையில் படுத்திருந்த ஒரு கிழவர். மாதம்மாளை எடுக்க மூன்று நாள் ஆயிற்று. குடத்தை விடாமல் பிடித்திருந்தாள்.

சேற்றில் மார்பளவு இறங்கிக் கையால் துழாவிக்கொண்டிருந்தவர்களில் அவரும் இருந்தார், நானும் இருந்தேன். பக்கத்துப் பக்கத்தில். 

விசாரணைக்குச் சேலத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். துரை பங்களாவில் மேஜை போட்டு உட்கார்ந்தார். நாங்களெல்லாம் சுவரோரம் வரிசையாக நின்றோம்.

"வடிகால் அடைபட்டிருந்தது என்கிறார்கள். யார் அடைத்தது?"

"குட்டையும் என்னுது, வடிகாலும் என்னுதுங்க," என்றார் அவர்.

"ஆபத்து என்று தெரியுமா?"

"தெரியும்."

"எச்சரித்தீரா?"

"சொன்னேன்."

"எத்தனை தரம்?"

அவர் தலை குனிந்தது. "ஒரு தரம்."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு ஏதோ எழுதினார். யாரிடம் சொன்னீர் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. நான் ஒரு எட்டு முன்னால் வைத்திருந்தாலும் போதும். வைக்கவில்லை. வீட்டில் நடைபழகுகிற பிள்ளை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலையே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். தகரப் பெட்டி ஒன்று, பாய் ஒன்று. ஸ்டோர் சாமான் எல்லாவற்றையும் சரிபார்த்து என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அந்தக் கண்ணாடியைத் தனியாக ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தார். "உங்க வூட்டுது," என்றார்.

எங்கள் பெண்ணை அதற்குப் பிறகு நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அப்படியே ஆகிவிட்டது. கோயிலில் தீர்த்தம் கொடுத்தால் கை நீட்டுகிறேன். தலையில் தெளித்துக்கொள்கிறேன். விழுங்க முடிவதில்லை. என் மனைவியும் அப்படித்தான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருவரும் பிராகாரம் சுற்றி வருவோம்.

யுத்தம் முடிந்து சுரங்கமும் மூடியபிறகு, அவர் பாலக்கோட்டில் தங்கை வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். சாமியிடம் கேட்கிற மன்னிப்பை எத்தனை காலம் சாமியிடமே கேட்டுக்கொண்டிருப்பது? ஒரு கிருத்திகை அன்று விரதத்தோடு பஸ் ஏறினேன். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டேன். காலில் விழுந்து, நான்தான் களிமண் அடைத்தேன் என்று வாயால் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் எண்ணம்.

சின்ன வீடு. உள்கூடத்தில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்து, உடம்பு பாதியாகியிருந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பல் இடைவெளி தெரிந்தது.

"ரைட்டரே," என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பழத்தைக் கீழே வைத்தேன்.

"ரைட்டரே, அந்த வாயக் கட்டிடாதீங்க. கரை சரிஞ்சிடும்."

குனிந்த நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"ரைட்டரே, அந்த வாயக் கட்டிடாதீங்க. கரை சரிஞ்சிடும்."

அடுப்படியிலிருந்து தங்கை கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. யாரு வந்தாலும் ரைட்டரேன்னுதாங்க கூப்பிடுவாரு. பால்காரரு, போஸ்ட்மேன், எல்லாருமே ரைட்டருதான். வெடிஞ்சா பொழுது போனா இதே பேச்சு. முன்னெல்லாம் ஒரு தரத்துக்கு மேல எதையும் சொல்லமாட்டாரு, கேளுங்க."

மிச்சம் பிடித்து வைத்திருந்த மூச்சையெல்லாம் அவர் செலவழித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எந்த ஊருங்க? அண்ணனோட வேல செஞ்சவுங்களா? அந்த ரைட்டரு யாருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

வாயில் வந்துவிட்டது. முருகன் சாட்சியாக, நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"தெரியலீங்க," என்றேன்.

"ரைட்டரே, அந்த வாயக் கட்டிடாதீங்க..."

"சரிங்க, கட்டமாட்டேன்னு சொல்லிடுங்க," என்றாள் அவள். "சொன்னா கொஞ்ச நேரம் சும்மா இருப்பாரு. நாங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றது."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கரைமேல் நின்று பார்த்த அதே பார்வை. பாப்பா நல்லா இருக்குதா என்று அடுத்து கேட்பாரோ என்று பயந்தேன்.

"சரிங்க," என்றேன். "கட்டமாட்டேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் வாசல் தாண்டித் தெருமுனைக்கு வருவதற்குள் பின்னால் மறுபடியும் கேட்க ஆரம்பித்துவிட்டது.